பெர்செபோலிஸ்: ஒரு சிறுமியின் விளையாட்டு நின்றுபோன இடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' என்ற சித்திரக்கதை நூலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. அந்தச் சிறுமியின் குழந்தைமை எங்கே போனது, எப்போது போனது, எந்தப் படம் அதைச் சொல்கிறது? வாசிப்பு வட்டங்களிலும் வகுப்பறைகளிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நூலைப் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் காட்சிகளை விவரித்துத்தான் பதில் சொல்கிறேன். கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் நூலை முடித்துவிட்டு வரலாம்.

இது என்ன நூல்? நாவலா, வாழ்க்கை வரலாறா?

வாழ்க்கைக் கதைதான். கிராஃபிக் நாவல் என்பது புத்தகக் கடை அலமாரிக்காக ஒட்டிய பெயர். சத்ரபி 1969இல் ஈரானின் ராஷ்ட் நகரில் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்தவர். பிறகு பிரான்ஸில் குடியேறி, தன் கதையை பிரெஞ்சு மொழியில் எழுதி வரைந்தார். அது 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. 1979இல் மன்னர் ஷாவின் ஆட்சி கவிழ்ந்தது, இஸ்லாமியக் குடியரசு வந்தது, 1980 செப்டம்பரில் தொடங்கி எட்டு ஆண்டுகள் நீண்ட ஈராக் போர் என எல்லாமே மர்ஜி என்ற சிறுமியின், அதாவது சிறுவயது சத்ரபியின், கண் வழியாக வருகின்றன. பெற்றோர் இடதுசாரிச் சார்புள்ள, படித்த, வசதியான குடும்பத்தினர். 1984இல், 14 வயதில், அவளைத் தனியாக வியன்னாவுக்கு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். இங்கே நான் பேசுவது அந்த விமான நிலையம் வரையிலான முதல் பாதியைப் பற்றி மட்டும். தமிழில் விடியல் பதிப்பகம் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற தலைப்பில் வெளியிட்டிருப்பதும் இந்தப் பாதிதான்.

'இன்னசென்ஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அப்பாவித்தனமா, அறியாமையா?

சொல் தேடும்போதே பாதி விளக்கம் கிடைத்துவிடுகிறது. 'அப்பாவி' என்றால் குற்றம் செய்யாமல் மாட்டிக்கொண்டவர் என்ற வழக்குமன்ற வாடை வருகிறது. 'களங்கமின்மை' பளிங்குச் சிலைக்குச் சரி, தோட்டத்தில் கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைக்குச் சரிவராது. 'அறியாமை' சுத்தமாகப் பொருந்தாது. மர்ஜி ஒன்றும் அறியாத குழந்தையே இல்லை. மார்க்ஸும் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டும் வாதம் செய்யும் காமிக்ஸ் புத்தகம் அவளுக்கு உயிர். ஆறு வயதிலேயே தான் கடைசி இறைதூதர் என்று முடிவு கட்டியவள். வீட்டு வேலைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எந்தக் கிழவிக்கும் மூட்டு வலிக்கக் கூடாது என்று வேத விதிகள் வேறு எழுதி வைத்திருக்கிறாள். இரண்டாவது விதி பாட்டியின் முழங்காலுக்காக எழுதப்பட்டது.

எனக்குப் பிடித்த சொல் 'வெகுளி'. இன்று சூதுவாது தெரியாதவரை வெகுளி என்கிறோம். பழந்தமிழில் வெகுளி என்றால் சினம். திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு, அது கோபம் கொள்ளாமையைப் பற்றியது. இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்துப் பார்த்தால் மர்ஜி கிடைப்பாள். நம்புவதும் முழுவேகம், கோபப்படுவதும் முழுவேகம்.

அப்படியானால் அவள் இழப்பது எதை?

விளையாட்டை. இதுதான் என் வாசிப்பு, ஏற்காதவர்களும் உண்டு. கைக்கு வருவது எதுவானாலும், புரட்சியானாலும் சித்திரவதையானாலும், அதை விளையாட்டாக மாற்றிக்கொள்ளும் திறன் அந்தக் குழந்தைக்கு இருக்கிறது. தாத்தாவைச் சிறையில் தண்ணீர் நிரம்பிய அறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டவுடன், அது எப்படி இருக்கும் என்று அறிய வெகுநேரம் குளியல் தொட்டியில் கிடக்கிறாள். வெளியே வந்து, சுருங்கிப்போன கைகளைப் பார்க்கிறாள். அவள் எதையும் புரிந்துகொள்ளும் வழி இதுதான். எந்தப் பொருளை அவளால் இப்படி விளையாட்டாக்க முடியாமல் போகிறதோ, அங்கேதான் குழந்தைமை முடிகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

முதல் பக்கத்தில் வரும் முக்காடு அடக்குமுறையின் குறியீடுதானே?

அடக்குமுறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு பக்கத்தைப் புரட்டிவிட்டால் சத்ரபி வரைந்ததில் பாதியைப் பார்க்காமல் போய்விடுவீர்கள்.

முதல் கட்டத்தில், அதாவது கோடு போட்டுப் பிரித்த முதல் படத்தில், பத்து வயது மர்ஜி, கைகட்டி, முக்காடு போட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வருடம் 1980. அடுத்த கட்டம் வகுப்புப் படம். தோழிகள் நால்வரும் பெயரோடு வரிசையாக இருக்கிறார்கள். மர்ஜி இடது ஓரத்தில் இருப்பதாகச் சொல்கிறாள், ஆனால் கட்டத்தின் கோடு அவளை வெட்டிவிடுகிறது, ஒரு துணுக்குதான் தெரிகிறது. தன் கதையின் இரண்டாவது படத்திலேயே கதாநாயகி படத்துக்கு வெளியே நிற்கிறாள்! முக்காடு எல்லோரையும் ஒரே அச்சாக ஆக்கிவிட்டது என்று பலரும் எழுதுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். நான்கு முகங்களும் நான்கு விதம். முடியின் சிறு கீற்று, புருவம், வாயின் வளைவு எல்லாம் வேறு வேறு.

இன்னும் கொஞ்சம் கீழே பள்ளி முற்றம். முக்காடு ஏன் என்று யாரும் சொல்லித் தராததால் பிள்ளைகள் அதற்குத் தங்கள் பயன்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருத்தி அதைக் கடிவாளமாக்கிக் குதிரை ஓட்டுகிறாள். சிலர் முடிச்சுப் போட்டுக் கயிறு தாண்டுகிறார்கள். ஒருத்தி இருட்டுப் பூதமாகிப் பயமுறுத்துகிறாள். ஒரு மூலையில் இன்னொருத்தி, சுதந்திரத்தின் பெயரால் மரண தண்டனை என்று சொல்லித் தோழியின் கழுத்தை நெரிப்பதுபோல விளையாடுகிறாள்.

அந்த மூலைதான் முக்கியம். குழந்தைமை என்பதைச் சத்ரபி வெண்பட்டில் சுற்றிக் காட்டவில்லை. பெரியவர்களின் கொலைபாதகம் ஏற்கெனவே முற்றத்துக்குள் வந்துவிட்டது, பிள்ளைகள் அதையும் ஓர் ஆட்டமாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

கறுப்பு தீமை, வெள்ளை தூய்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த நூலில் சாம்பல் நிறமே கிடையாது, எல்லாம் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை. அதனால் கறுப்பு எல்லா வேலையும் செய்கிறது. இரவு, முடி, அம்மாவின் உடை, சிறை, வானம் எல்லாம் அதுதான். கடவுளின் தாடியும் அங்கியும் வெள்ளை, தூக்கிலிடுபவனின் சட்டையும் வெள்ளையாக இருக்கலாம். நிறத்துக்கு அகராதி போட்டால் பத்துப் பக்கத்தில் அகராதி கிழிந்துவிடும்.

பார்க்க வேண்டியது கறுப்பு எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதைத்தான். வளையல் பற்றிய பதிலில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

கடவுள் ஏன் மார்க்ஸைப் போல இருக்கிறார்? அவரை விரட்டும் காட்சி என்ன சொல்கிறது?

இருவருக்கும் தாடி, இருவரும் நீதி பேசுகிறவர்கள். மார்க்ஸின் முடி கொஞ்சம் சுருட்டை என்பது மட்டுமே வித்தியாசம் என்று மர்ஜியே சொல்லிவிடுகிறாள். குழந்தையின் தலைக்குள் மதமும் புரட்சியும் ஒரே தாத்தா முகத்தோடு இருக்கின்றன. சிரிப்பதற்கான இடம் இது. இந்தச் சிரிப்பு இல்லையென்றால் பின்னால் வருவது வலிக்காது.

பின்னால் வருவது மாமா அனூஷ். ஷா காலத்தில் ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தவர். சிறையில் ரொட்டியைப் பிசைந்து செய்த ஓர் அன்னப்பறவையை மர்ஜிக்குத் தருகிறார். (தமிழில் மட்டும் ஒரு சின்னப் பேறு: அன்னம் என்றால் நமக்குப் பறவையும் சோறும் ஒன்றே. சத்ரபிக்குக் கிடைக்காத சிலேடை.) புரட்சிக்குப் பின் அவர் மீண்டும் கைதாகிறார். கடைசியாகப் பார்க்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் மர்ஜியைக் கேட்கிறார். சிறைக்குள் இன்னோர் அன்னத்தைத் தருகிறார், இது முதல் அன்னத்துக்கு மாமா என்று சொல்லி. பிறகு செய்தித்தாள் வருகிறது, ரஷ்ய உளவாளிக்கு மரண தண்டனை என்று. தாளைப் பார்த்தபடி மர்ஜி, பக்கத்தில் இரண்டு ரொட்டி அன்னங்கள்.

அன்று இரவு வழக்கம்போல் கடவுள் வருகிறார். என் வாழ்க்கையை விட்டுப் போ, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று துரத்துகிறாள். அடுத்து முழுப் பக்கத்துக்கு ஒரே படம். கோள்களுக்கு நடுவே, பிடிமானம் இல்லாமல் சின்ன உடம்பு மிதக்கிறது. குண்டு விழுகிறது, நிலவறைக்கு ஓடு என்று ஒரு குரல் கேட்கிறது. போர் தொடங்கிவிட்டது.

நம்பிக்கையின் மரணம் என்று இதை எழுதுவார்கள், தப்பில்லை. ஆனால் கடவுள் அவளுக்கு வெறும் கோட்பாடு மட்டுமில்லை. இரவில் மடியில் வைத்துக் கதை பேசிய விளையாட்டுத் தோழன். தோழனைத்தான் அவள் விரட்டுகிறாள்.

இஸ்திரிப்பெட்டி பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? சின்ன விஷயம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். ஒரு கல்லூரி மாணவி இரண்டு பக்கங்களில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் உறைத்தது.

முதல் இடம்: ஷா சிறையிலிருந்து விடுதலையான சியாமக், மோசென் என்ற இருவர் வீட்டுக்கு வருகிறார்கள். சித்திரவதைகளை விவரிக்கிறார்கள். பெரியவர்கள் பிள்ளை இருப்பதையே மறந்துவிட்டார்கள். சூடான இஸ்திரிப்பெட்டியை முதுகில் வைப்பது அவற்றில் ஒன்று. மர்ஜி தன் வீட்டு இஸ்திரிப்பெட்டியைப் பார்க்கிறாள். இந்தச் சாமானுக்கு இப்படியொரு பயன் உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதே காட்சியில் ஒருவரைத் துண்டுதுண்டாக வெட்டியதையும் சொல்கிறார்கள். அது எப்படி வரையப்பட்டிருக்கிறது தெரியுமா? ரத்தம், தசை எதுவும் கிடையாது. மூட்டு மூட்டாகக் கழற்றிவைத்த பொம்மைபோல, உள்ளே வெற்றாக, சுத்தமாகக் கிடக்கிறது உடல். மனித உடலின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாத குழந்தை கற்பனை செய்த பிணம் அது. அந்த வெற்றிடம்தான் அவளிடம் மிச்சமிருந்த குழந்தைமை.

அடுத்து அவள் என்ன செய்கிறாள்? வழக்கம்போல் விளையாட்டாக்குகிறாள். தோற்பவருக்குச் சித்திரவதை என்று புது ஆட்டம், ஒவ்வொரு வதைக்கும் ஒரு பெயர். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நிற்கும்போது அதிகாரத்தின் போதை தலைக்கு ஏறியிருக்கிறது. பிறகு அதைத் தாங்க முடியாமல் அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடுகிறாள்.

இரண்டாவது இடம் பல அத்தியாயங்கள் தாண்டி வருகிறது. மர்ஜி இப்போது பதின்வயதுக்காரி. ஜீன்ஸ் ஜாக்கெட், நைக் ஷூ, மைக்கேல் ஜாக்சன் பேட்ஜ். தெருவில் புரட்சிக் காவல்படைப் பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பேட்ஜில் இருப்பது அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸ் என்கிறாள். நம்பவில்லை. கமிட்டிக்கு, அதாவது காவல்படையின் நிலையத்துக்கு, இழுத்துப்போகப் பார்க்கிறார்கள். அங்கே போனால் சவுக்கடிகூடக் கிடைக்கலாம். உடனே அழுகையும் பொய்யுமாகக் கொட்டுகிறாள்: அம்மா செத்துவிட்டாள், சித்திக்காரி கொடுமைக்காரி, நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லையென்றால் இஸ்திரிப்பெட்டியால் சுட்டுவிடுவாள்.

அதே இஸ்திரிப்பெட்டி. சிறுமியாகக் கேட்டபோது உலகத்தையே புரட்டிப் போட்ட செய்தி, இப்போது அவசரத்துக்கு நாக்கில் வந்து விழும் பொய்யாகிவிட்டது. பொய் பலிக்கிறது, விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் பாட்டு போட்டு ஆடுகிறாள், நமக்கும் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியில்தான் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கியது. எந்தக் கொடுமையைச் சொன்னால் நம்புவார்கள் என்று அந்த ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

சத்ரபி இதற்கு அம்புக்குறி எதுவும் போடவில்லை. இந்த நூலில் மிகக் கனமான குறியீடுகள் எல்லாம் வீட்டுச் சாமான்கள், இரண்டாம் முறை வரும்போதுதான் கனக்கின்றன.

சாவி வரும் பக்கத்தை எப்படிப் படிப்பது?

மேலே பெரிய கட்டம், கீழே சிறிய கட்டம். மேலே கண்ணிவெடி நிலத்தில் சிதறும் சிறுவர்கள், முகமே இல்லாத நிழலுருவங்கள், கழுத்தில் சாவி. கீழே மர்ஜி போகும் முதல் பார்ட்டி. அம்மா பின்னிக்கொடுத்த, ஓட்டைகள் நிறைந்த ஸ்வெட்டர், சங்கிலியும் ஆணியும் கோத்த கழுத்தணி. அன்றைய பங்க் மோஸ்தர் அது. மேலே காற்றில் விரிந்த கைகால்கள், கீழே ஆட்டத்தில் விரிந்த கைகால்கள். இரண்டும் ஒரே அசைவு.

சாவியின் கதை இது: பள்ளிகளில் ஏழைச் சிறுவர்களுக்குத் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்து, போரில் இறந்தால் இதுதான் சொர்க்கத்தைத் திறக்கும் என்று சொல்கிறார்கள். மர்ஜி வீட்டில் வேலை செய்யும் நஸ்ரின் அம்மாளின் மகனுக்கு வயது 14, அவனுக்கும் ஒன்று கிடைக்கிறது. அவன் தப்பிவிடுகிறான், அவன் பகுதியில் பலர் தப்பவில்லை.

பலரும் இங்கே சாவி என்றால் பொய்யான வாக்குறுதி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஓடும் வெள்ளைக் கோடுதான் விஷயம். குழந்தைமையைக்கூட வசதியுள்ளவர்கள்தான் கொஞ்ச காலம் கூடுதலாக வைத்துக்கொள்ள முடிகிறது. மர்ஜிக்குக் கழுத்தில் ஆணி ஓர் அலங்காரம். வேலைக்காரர்களும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும் என்று விதி எழுதியவளின் கதையில் இந்தப் பக்கம் வருகிறது. தன்னைத்தானே கூண்டில் ஏற்றிப் பார்க்கும் பக்கம் இது.

சிகரெட் புகைத்து, குழந்தைப் பருவத்துக்கு விடைகொடுத்தேன் என்று அவளே சொல்கிறாளே. அதுதானே திருப்புமுனை?

இல்லை. பாத்திரமே வந்து இதுதான் குறியீடு என்று சொல்லும்போது கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அம்மாவோடு சண்டை, நிலவறையில் ஒளிந்திருக்கிறாள், உறவினரிடமிருந்து திருடிய ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறாள். இருமல் புரட்டி எடுக்கிறது. நான் பெரியவளாகிவிட்டேன் என்கிறாள். பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அம்மாவைச் சர்வாதிகாரி என்று வைவதும், சிகரெட்டைப் புரட்சியாகக் கருதுவதும் பழைய ஆட்டங்களின் தொடர்ச்சிதான். அதாவது, அவள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

வளையலும் அந்த முழுக் கறுப்புக் கட்டமும்?

இந்த நூலைப் பற்றி ஒரே ஒரு பக்கம் பேசச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

தெஹ்ரான்மீது ஸ்கட் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஜீன்ஸ் வாங்கப் போயிருந்த மர்ஜி, தன் தெருப்பக்கம் குண்டு விழுந்த செய்தி கேட்டு ஓடி வருகிறாள். அம்மா உயிரோடு எதிரே வருகிறாள். விழுந்தது பக்கத்து வீட்டில். அங்கே இருந்தவர்கள் பாபா-லெவி என்ற யூதக் குடும்பம், மகள் நேதா அவளுடைய தோழி. அன்று சனிக்கிழமை, ஓய்வுநாள், வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அம்மா அவளை வேகமாக இழுத்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டப் பார்க்கிறாள். இடிபாட்டில் மர்ஜி ஒரு வளையலைப் பார்த்துவிடுகிறாள். நேதாவின் பதினான்காவது பிறந்தநாளுக்கு அவள் அத்தை கொடுத்த, நீலப்பச்சைக் கல் பதித்த ஃபிரோஸா வளையல். அது எதோடோ இன்னும் ஒட்டியிருக்கிறது. எதோடு என்று மர்ஜி சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை.

இப்போது கட்டங்களை எண்ணுங்கள். வாயைப் பொத்துகிறாள். அடுத்த கட்டத்தில் முகத்தையே மூடிக்கொள்கிறாள், வார்த்தை எதுவும் கிடையாது. அதற்கடுத்தது வெறும் கறுப்பு. எந்த அலறலும் தன் வேதனையையும் கோபத்தையும் தணித்திருக்காது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் கீழே.

பொம்மைபோலக் கழற்றி வைத்த உடலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காதால் கேட்ட சித்திரவதையை அவளால் வரைய முடிந்தது, ஆட்டமாக்க முடிந்தது. கண்ணால் பார்த்ததை வரையவே முடியவில்லை. கறுப்புக் கட்டத்தைத் துக்கத்தின் நிறம் என்று சொல்வதைவிட, படம் வரைகிறவர் கையை எடுத்துவிட்ட இடம் என்பேன். விளையாட்டு நின்ற இடமும் அதுதான்.

இன்னொன்று. ஃபிரோஸா ஈரானின் பெருமைக்குரிய கல், நிஷாப்பூர் சுரங்கங்கள் அதற்குப் பேர்போனவை. அந்த நிறத்தை இந்தக் கறுப்பு வெள்ளை நூல் காட்டவே முடியாது, சொல்லத்தான் முடியும். சாவியின் தங்கமும் அப்படித்தான். நிறம் இரண்டும் சொல்லில் மட்டும் மின்னுகின்றன, இரண்டையும் அணிந்தவர்கள் பதினான்கு வயதுக்காரர்கள். திட்டமிட்டதா, தற்செயலா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

இதற்கு அடுத்த அத்தியாயம் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள்: பள்ளியில் நகை போடக் கூடாது என்று தலைமையாசிரியை மர்ஜியின் வளையலைப் பறிக்க வருகிறாள். மர்ஜி தரமறுக்கிறாள், தள்ளுமுள்ளில் தலைமையாசிரியை கீழே விழுகிறாள். பெற்றோர் அவளை வெளிநாடு அனுப்ப முடிவெடுப்பது இதற்குப் பிறகுதான்.  

ஆசிரியர் இவ்வளவையும் யோசித்தா வரைந்திருப்பார்? நாம்தான் அதிகம் படிக்கிறோமோ?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. சித்திரக்கதையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு, இடம், உள்ளே என்ன, வெளியே என்ன என்று யாரோ முடிவு செய்தே ஆக வேண்டும். கேமரா தற்செயலாகப் பிடித்த பின்னணி என்று ஒன்று கிடையாது. இஸ்திரிப்பெட்டி வேண்டாம் என்றால் வரையாமல் இருந்திருக்கலாம். அதனால் கட்டத்தில் இருப்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். கட்டத்தில் இல்லாத ஒன்றை, பாரசீகத் தொன்மத்திலிருந்தோ உளவியல் பாடப்புத்தகத்திலிருந்தோ கொண்டுவந்து ஒட்டும்போதுதான் அதிகப்படியாகிறது. அன்னம் என்றதும் சரஸ்வதியின் வாகனம் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் படிக்கலாமா?

2013 மார்ச்சில் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பொதுப் பள்ளிகளில் இந்த நூலை வகுப்பறைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கொதித்துப் போராடிய பின், ஏழாம் வகுப்புக்கு மட்டும் என்று உத்தரவைச் சுருக்கினார்கள். பிரச்சினையாகச் சொல்லப்பட்டவற்றில் சித்திரவதைப் படங்களும் இருந்தன. மர்ஜி அதே விவரங்களைக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை என்பதை அந்த அதிகாரிகள் கவனித்தார்களா, தெரியாது.

என்னைக் கேட்டால் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள். சித்திரவதையைவிடக் கடினமான பக்கம் கடைசியில் இருக்கிறது: நிலூஃபர் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிலிடும் முன் என்ன செய்தார்கள், ஏன் அவள் பெற்றோருக்கு ஐந்நூறு துமான் (ஈரான் பணம்) அனுப்பப்பட்டது என்று அம்மா மகளுக்கு விளக்குவது. அங்கே கேள்வி வரும். பதில் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

கட்டுரை எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது?

இன்னது இன்னதன் குறியீடு என்ற வாக்கியத்தை முதல் வரைவில் எழுதாதீர்கள். ஒரு பொருளைப் பிடியுங்கள். அது முதலில் எந்தப் பக்கத்தில், யார் கையில், எதற்காக வந்தது? மறுபடி எப்போது வந்தது, என்ன மாறியது? இரண்டு கட்டங்களையும் படம் பார்க்காதவருக்குப் புரிகிற மாதிரி விவரியுங்கள். பாதிக் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். ரொட்டி அன்னம், வளையல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் பலர் எழுதியவை. விரலிடுக்கில் ஆணி வைத்துக்கொண்டு ஒரு சிறுவனை அடிக்கக் கிளம்பும் காட்சியையும், பார்ட்டிக் கழுத்தணியின் ஆணியையும் சேர்த்து யாராவது எழுதினால் நான் ஆசையாகப் படிப்பேன்.

பாட்டியின் மல்லிகை குழந்தைமை திரும்பக் கிடைப்பதாகச் சொல்கிறதா?

வியன்னா கிளம்பும் முந்தைய இரவு மர்ஜி பாட்டியோடு படுக்கிறாள். பாட்டி தினமும் காலையில் மல்லிகைப் பூக்களைப் பறித்து மார்க்கச்சைக்குள் வைத்துக்கொள்பவள். இரவில் அவிழ்க்கும்போது பூக்கள் உதிர்கின்றன. மணத்துக்காக மல்லிகையை உடம்போடு வைத்துக்கொள்வது நமக்கு விளக்கம் தேவைப்படாத சங்கதி.

திரும்பக் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டி அப்போது சொல்லும் புத்தி, மானத்தோடு இரு, உனக்கு உண்மையாக இரு என்பது, குழந்தைக்குச் சொல்வதில்லை. அந்த இரவில் மர்ஜி அந்த மணத்தை மனத்தில் பதித்துக்கொள்ள முயல்கிறாள். போகப்போவதை எடுத்துவைக்கிற வேலை அது, ஊர் மண்ணை ஜாடியில் போட்டுப் பெட்டியில் வைப்பது மாதிரி.

முதல் பாதியின் கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது?

விமான நிலையம். சோதனைகள் முடிந்து உள்ளே போனவள் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மயங்கிக் கிடக்கிறாள், அப்பா அவளைக் கைகளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பேசாமல் போயிருக்கலாம் என்று ஒரு வரி. முதல் பக்கத்தில் கட்டத்தின் கோடு வெட்டியதால் பாதி வெளியே நின்ற பிள்ளை, இங்கே முழுதாகத் தெரிகிறாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.